முதல் கேள்வி எது?

கலியாணம் நெருங்கினால் நாம் டொக்டரிடம் கேட்கும் முதல் கேள்வி: "பல்லை வெள்ளையாக்க எவ்வளவு?" பிள்ளைக்குக் கடவாய்ப் பல் வலித்தால் கேட்பது: "கழற்றிவிடுவோமா?"

முன்பல்லின் அழகுக்குச் சேமிக்கிறோம். சாப்பிட உதவும் பல்லை லேசாக இழக்கிறோம்.

சூத்தை ஆழமாகப் போனாலும் வேர்ச் சிகிச்சை செய்து, உறை போட்டுப் பல பற்களைக் காப்பாற்றலாம். கழற்றிய இடத்தைச் சும்மா விட்டால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப் பல் இறங்கும். பிறகு கட்டுப்பல்லுக்கு அலைகிறோம்.

"கிளீன் பண்ணினால் பல் ஆடுமாம்" என்கிறோம். பல்லை ஆட்டுவது முரசைக் கெடுக்கும் காறைதான், அதை எடுப்பதல்ல. வெற்றிலைக் கறையும் பெரும்பாலும் அந்தச் சுத்தத்திலேயே போய்விடும். வெள்ளையாக்கினாலும் முன்பு அடைத்த இடமும் உறையும் நிறம் மாறாது. முதலிலேயே கேட்டுக்கொள்வோம்.

வகுப்பில் நாங்கள் அடிக்கடி காண்பது இன்னொன்று. ஆறு வயதளவில், பால்பற்களுக்குப் பின்னால் ஒரு கடவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் அதையும் பால்பல் என்று நினைத்து, சூத்தை வந்தாலும் "விழுந்து முளைக்கும்தானே" என்று விட்டுவிடுகிறோம். அது விழுந்து முளைக்கும் பல் அல்ல. ஆயுளுக்கும் அது ஒன்றுதான்.

அரச வைத்தியசாலைப் பல் கிளினிக்கில் பல் அடைக்கக் காசு கேட்பதில்லை. ஒரு நாள் லீவுதான் செலவு.

இன்றிரவு நம் பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்ப்போம். வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம். இனி டொக்டரிடம் நம் முதல் கேள்வி, "இந்தப் பல்லைக் காப்பாற்றலாமா?" என்பதாக இருக்கட்டும்.