அறுவை அறையில் ஒரு கண்ணாடி

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பர். மருத்துவரும் இதற்கு விலக்கல்லர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், உடற்பருமனுக்கு அறுவை செய்யும் 20 மருத்துவர்கள் தத்தம் அறுவையின் வீடியோப் படம் ஒன்றைத் தாமே முன்வந்து அளித்தனர். செய்தவர் யாரென அறியாமலே சக மருத்துவர்கள் கைத்திறனுக்கு மதிப்பெண் இட்டனர். முடிவு 2013இல் வெளியாயிற்று. மதிப்பெண்ணில் கடைசிக் கால்பங்கினரிடம் அறுவை செய்துகொண்டோரில் 14.5 விழுக்காட்டினருக்குப் பின்னர்ச் சிக்கல் நேர்ந்தது. முதற் கால்பங்கினரிடம் 5.2 விழுக்காட்டினருக்கே!

ஆகவே படம் எடுப்பது நன்றே. ஆனால் நண்பர்களே, அதையே தண்டனைக்குச் சான்றாக்கினால் எந்த மருத்துவர் மறுமுறை தருவார்? நோயாளியின் இசைவோடு எடுத்து, திருத்திக்கொள்ளும் பாடமாகவே அதனைப் பயன்படுத்த வேண்டும் என்பது என் கருத்து. அஞ்சி மறைத்த பிழை அடுத்த நோயாளிக்கும் நேரும் அன்றோ?