பின்பக்கத்துப் பள்ளத்தை மூடணுமா? ஆண்டுக்கூட்டத்துக்கு முன்னால ஒரு வார்த்தை



வர்ற ஞாயிற்றுக்கிழமை ஆலய ஆண்டுக்கூட்டம். பின்னால இருக்கிற பள்ளத்துல 40 லோரி மண் கொட்டி, கார் நிறுத்துமிடம் ஆக்கலாம்னு ஒரு தீர்மானம் வருது. தொண்டூழியர்களான எங்களில் சிலர் அதை ஏற்கவில்லை. அந்த மூலையை ஒரு சின்ன ஈரநிலமா, பறவை தங்குற குட்டையா மாத்தலாம் என்பது எங்கள் கருத்து. வாட்சாப்புல துண்டு துண்டா சண்டை போடுறதைவிட இங்கே முழுசா சொல்லிடுறோம். படிச்சிட்டுத் திட்டணும்னா திட்டுங்க.

முதல்ல ஒரு விஷயம். அது அரசாங்க நிலமில்லை. நீங்க எல்லாரும் சதுர அடிக்கு இவ்வளவுன்னு உபயம் கொடுத்து வாங்கின நிலம். அதனால முடிவும் உங்களோடதுதான்.

போன மழைக்காலத்துல அங்கே தண்ணி நின்னப்ப ஆறு காட்டு வாத்து வந்து இறங்கிச்சு. மலாய்க்காரர்கள் பெலிபிஸ்னு சொல்வாங்களே, அதுதான். வீட்டு வாத்தைவிடச் சின்னது, செம்பழுப்பு நிறம், பறக்கும்போது விசில் அடிக்கிற மாதிரி சத்தம். பகல்ல குட்டையில ஓய்வெடுக்கும், இரவுலதான் பெரும்பாலும் இரை தேடப் போகும். அர்த்தஜாம பூசை முடிஞ்சு நடை சாத்தும்போது தலைக்கு மேல அந்த விசில் கேட்டுச்சு. தோட்டத்துல பிறந்து வளர்ந்த ஒரு பாட்டி நின்னு கேட்டுட்டு, “இந்தச் சத்தத்தைக் கேட்டு நாப்பது வருஷம் இருக்கும்ப்பா”ன்னாங்க.

அடுத்து நாங்க செஞ்ச தப்பையும் சொல்லணும். திருவிழா வருதேன்னு அந்த மூலையில புல்லுக்கு மருந்து அடிச்சது நாங்கதான். ஒரே வாரத்துல கோரைப்புல் எல்லாம் கருகிடுச்சு. வாத்தும் போச்சு, காலையில கத்துற ருவாக்-ருவாக் கோழியும் போச்சு. இடம் “சுத்தமா” இருக்குன்னு எல்லாரும் பாராட்டினாங்க. எங்களுக்கு மனசு உறுத்திச்சு.

சரி, கார் எங்கே நிறுத்துறது? நியாயமான கேள்வி. முட்டி வலியோட வர்ற பெரியவங்க தூரத்துல இறங்கி நடக்க முடியாது. அதனால முன்வாசல் பக்கம் இருக்கிற இடத்தை அவங்களுக்கு மட்டும் ஒதுக்குவோம்; நாங்க நின்னு பார்த்துக்கிறோம். மத்த கார்கள் இப்போ மாதிரியே பள்ளித் திடல்ல நிற்கட்டும். வருஷத்துல நாலைஞ்சு நாள் நெரிசலுக்காக ஒரு நிலத்தை நிரந்தரமா மூடணுமா?

மண் போட்டு உயர்த்தினா, அங்கே தேங்குற தண்ணி எங்கே போகும்? பக்கத்துக் கம்பத்து வீடுகளுக்குள்ளதான். 2021 டிசம்பர்ல ஷா ஆலம் ஸ்ரீ மூடா என்ன ஆச்சுன்னு நமக்குத் தெரியும். நம்மில் பலர் அங்கே சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போய்க் கொடுத்தோம். தண்ணிக்கு இடம் விடுறதும் தர்மம்தான்.

“குட்டைன்னா டிங்கி வருமே?” இதைத்தான் நிறைய பேர் கேட்கிறாங்க. ஏடிஸ் கொசு பெரும்பாலும் முட்டையிடுறது வாளி, பூச்சாடி, பழைய டயர் மாதிரி ஆட்கள் வச்சிருக்கிற பாத்திரங்கள்ல தேங்குற தண்ணியில. போன சோதனையில நம்ம ஆலயத்துல ஜெந்திக்-ஜெந்திக் அகப்பட்டது மடப்பள்ளிக்குப் பின்னால கிடந்த தேங்காய் ஓட்டுல, பள்ளத்துல இல்லை. செப்பாட், புயு மாதிரி நம்ம நாட்டு மீனும் தட்டான் குஞ்சுகளும் இருக்கிற குட்டையில மற்ற கொசுப்புழுவும் பெருகுறது கஷ்டம். தேங்காய் ஓட்டை அன்றன்றே அள்ளுறதுதான் முதல் வேலை.

எப்படி அமைக்கிறது? பெரிய செலவில்லை. ஒரு பேக்கோவுக்கு ரெண்டு நாள் வேலை, மீதி கொத்தோங்-ரோயோங். முக்கால்வாசி இடம் முழங்காலுக்குக் கீழேதான் ஆழம், நடுவுல மட்டும் இடுப்பளவு. கரை செங்குத்தா இல்லாம சரிவா இருக்கணும். வாத்துக் குஞ்சு ஏறி வரலாம், பிள்ளைங்க தவறி விழுந்தாலும் எழுந்து வரலாம். இருந்தாலும் வேலி கட்டாயம் போடணும். அடியில களிமண்ணை நல்லா மிதிச்சு இறுக்கணும். நடுவுல ஒரு சின்னத் திட்டு, கரையோரம் கோரை, ஒரு பக்கம் அல்லி. ஆகாயத்தாமரை மட்டும் வேண்டாம். விட்டா தண்ணியையே மூடிடும். தோண்டுறதுக்கு முன்னால ஊராட்சி மன்றத்துலயும் வடிகால் இலாகாவுலயும் கேட்டுக்குவோம்.

இது நடக்காத காரியமில்லை. டெங்கில்ல இருக்கிற பாயா இண்டா ஒரு காலத்துல ஈயம் எடுத்துக் கைவிட்ட இடம். சிங்கப்பூர் சுங்கை பூலோ பழைய இறால் பண்ணை. இரண்டும் இன்னிக்குப் பறவைகளோட வீடு. நம்மது அதுல ஒரு மூலை அளவுகூட வராது, ஆனா ஆறு வாத்துக்கு அது போதும்.

பக்தர்கள்கிட்ட சில விஷயம் கேட்டுக்கிறோம். அபிஷேகப் பாலும் எண்ணெயும் குட்டைக்குள்ள போகக்கூடாது. பால் அழுகினா தண்ணியில பிராணவாயு குறைஞ்சு மீன் செத்துப்போகும். அதுக்குத் தனி வாய்க்கால் வைக்கணும். பிரசாதம், ரொட்டி எதுவும் போட வேண்டாம். புண்ணியம்னு காதோரம் சிவப்புக் கோடு போட்ட ஆமையையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் கொண்டுவந்து விட வேண்டாம். அவை இங்கத்து உயிர்களுக்கு எமன். ஒரு அன்பர் பத்து வீட்டு வாத்து உபயம் தர்றேன்னார். அவர் மனசுக்கு நன்றி, வாத்து வேண்டாம். தண்ணி கலங்கி, செடி அழிஞ்சு, காட்டு வாத்துக்கு இடமில்லாமப் போயிடும். நாம இடத்தைத் தயார் பண்ணுவோம். வர்றதும் வராததும் அதுங்க இஷ்டம்.

வராமலே போகலாம் என்பதையும் ஒத்துக்கிறோம். அப்பவும் தண்ணி தேங்க ஓர் இடம், தவளைக்கும் தட்டானுக்கும் ஒரு வீடு மிஞ்சும். மண் கொட்டிட்டா எதுவும் மிஞ்சாது. திரும்ப எடுக்கவும் முடியாது.

அதனால ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பா வாங்க. எங்களுக்கு ஓட்டுப் போடாட்டியும் பரவாயில்லை. கூட்டத்துக்கு முன்னால ஒரு தடவை பின்பக்கம் போய் நின்னு பாருங்க. கோரை மறுபடியும் துளிர்க்க ஆரம்பிச்சிருக்கு.

இப்படிக்கு,
ஆலயத் தொண்டூழியர்கள்