எறும்புக்கு எத்தனை கால்?

முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காக்கா நரிக் கதை மட்டும் போதாது. எறும்பு, மழை, தென்னை என்று கண்ணால் காண்பதைச் சொல்லும் படப் புத்தகங்களும் வேண்டும்.

எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளை முதலில் படத்தைத்தான் நம்பும். அதில் எறும்புக்கு 4 கால் இருந்தால்? 6 காலும் தலைக்கு அடுத்த நடுப்பகுதியில் முளைப்பவை; சில புத்தகங்களில் வயிற்றில் ஒட்டிவைத்திருக்கிறார்கள். தூக்கணாங்குருவிக் கூட்டைப் பின்னுவது ஆண் குருவி. படத்தில் பின்னுவதோ அம்மாக் குருவி! மனதில் பதிந்த படத்தை ஐந்தாம் வகுப்பில் அழிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எழுத்துப்பிழை பார்க்க ஆள் வைக்கும் பதிப்பகத்தார், படப்பிழை பார்க்கவும் விலங்கியல் படித்த ஒருவரை வைக்கலாமே? 16 பக்கப் புத்தகத்துக்கு ஒரு மணி நேர வேலை.

உங்கள் வீட்டுப் புத்தகத்தில் எறும்பின் கால்களை எண்ணிச் சொல்லுங்கள்.