ரெடிமேட் பாடக்குறிப்பும் முதலாம் பாடவேளையும்

ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணியானால் எங்கட வட்ஸ்அப் குறூப்பில் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "நாளைக்கு விஞ்ஞானப் பாடக்குறிப்பு ஆரிட்டயும் இருக்கோ?" கூடவே ஒரு அசட்டுச் சிரிப்பு இமோஜியும் வரும், ஏதோ களவெடுக்கிற மாதிரி. நியமனம் கிடைச்சு இரண்டு வருசம்கூட ஆகாத நாங்கள் எல்லாருமே அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறம்.

முதலில் அந்த வெட்கத்தை விடுவம். ஆயத்தமாகப் பாடத்தைத் தருகிற வேலையை அரசாங்கமே செய்கிறது. தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகள் வேறென்ன? 2007இல் தரம் 6, 10 இரண்டிலும் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் தொடங்கியபோது, வகுப்பில் செய்யவேண்டிய செயற்பாடுகள் படிப்படியாக எழுதியே வந்தன. அதைப் பார்த்து எழுதினால் கடமை, நண்பியிடம் வாங்கி எழுதினால் சோம்பலா? ஒரு கிழமைக்கு இருபத்தைந்து, முப்பது பாடவேளை எடுக்கிற ஒருவர் எல்லாவற்றையும் வெறுந்தாளில் இருந்து யோசிக்க ஏலாது.

எங்கட பிரச்சினை வேறு. எங்களில் ஒருத்தி இணையத்தில் எடுத்த ஒரு பாடத்திட்டத்தை வைத்து, ஒளித்தொகுப்புக்கு ஒளி வேணும் என்று காட்டும் பரிசோதனையைச் செய்தாள். வெள்ளிக்கிழமையே செவ்வரத்தைச் சாடியை ஆய்வுகூட அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். திங்கள் காலை 7.30க்கு வெளியில் எடுத்து, ஒரு இலையில் பாதியைக் கறுப்புக் கடதாசியால் மூடினாள். 7.50க்குப் பாடம். இலையைக் கொதிநீரில் போட்டு, அற்ககோலில் நிறம் நீக்கி, கழுவி, அயடீனும் விட்டாயிற்று. இலை முழுக்க ஒரே மண்ணிறம்.

"ரீச்சர், நீலம் வரேல்லையே?"

அவள் சொன்னது: "வரவேணும். வந்தது எண்டு எழுதுங்கோ."

முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் கொப்பியில் எழுதினார்கள்: மூடாத பகுதி கருநீலமாக மாறியது.

பாடத்திட்டத்தில் பிழை இல்லை. இருட்டில் இருந்த செடி மாப்பொருள் தயாரிக்க நல்ல வெயிலில் சில மணித்தியாலம் நிற்கவேணும். காலை முதலாம் பாடவேளைக்கு அந்த வெயில் எங்கே? ஆனால் அந்த பிடிஎவ்இல் இருந்ததோ 'முன்கூட்டியே ஆயத்தம் செய்த இலை' என்ற ஒற்றை வரிதான். எழுதியவருக்கு எங்கட நேரசூசி தெரியாது. அடுத்த கிழமை அதே பாடத்தை மற்ற வகுப்புக்கு ஏழாம் பாடவேளையில் செய்தாள். சாடி காலையிலிருந்து விறாந்தைப் படியில் வெயில் காய்ந்தது. நீலம் வந்தது. (மாரி மழைக்குள் இதுவும் சரிவராது என்பது இன்னொரு கதை.)

தமிழ்நாட்டுத் தளங்களில் எடுக்கிறதில் இன்னொரு பொறி இருக்கு. அவர்களுக்கு ஒளிச்சேர்க்கை, எங்களுக்கு ஒளித்தொகுப்பு. அவர்களுக்கு வேதியியல், எங்களுக்கு இரசாயனவியல். வாசிக்கிற எங்களுக்கு விளங்கும். ஆனால் சோதனைத் தாளில் எங்கட சொல்தான் வரும், பிள்ளை முழிக்கும்.

மேற்பார்வைக்கு வருகிறவர்கள் இதொன்றையும் கேட்டதாக எங்களுக்கு ஞாபகமில்லை. தேர்ச்சி மட்டம் எழுதியிருக்கா, திகதி சரியா, அதிபரின் கையொப்பம் இருக்கா, அவ்வளவுதான். அதனால்தான் நாங்களும் பிடிஎவ்ஐப் பார்த்து நள்ளிரவுவரை கையால் கொப்பி பண்ணுகிறம். அந்த நேரத்தில் பாதியைப் பரிசோதனையை ஒருக்கா வீட்டில் செய்துபார்க்கச் செலவழித்திருக்கலாம்.

இப்ப குறூப்பில் ஒரு பழக்கம் தொடங்கியிருக்கிறம். பாடக்குறிப்பு அனுப்புகிறவர், வகுப்பில் எது சரிவரவில்லை என்றும் இரண்டு வரி சேர்த்து அனுப்பவேணும். செவ்வரத்தைக் குறிப்பு போன மாதம் வேறொருவரிடம் போனது. அடியில் அவளே எழுதியிருந்தாள்: "முதலாம் பாடவேளையில் செய்யாதேங்கோ. நீலம் வராட்டி, வரேல்லை எண்டே எழுத விடுங்கோ."