யார் போலி விவசாயி?

எங்கம்மா கிளியனூர்ல நாப்பது வருஷமா நாத்து நடுறவ. ஆனா சர்க்கார் கணக்கில் விவசாயி இல்லை, பட்டா இல்லையே! பி.எம். கிசான் 2019-ல் வந்தது. வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூணு தவணை. பட்டாக்காரன் வயல்ல காலே வைக்க வேணாம், பணம் வந்துடும். கூலிக்காரிக்கும் குத்தகைக்காரனுக்கும் கிடையாது.

2020-ல் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டங்களில் முறைகேடு அம்பலமானது. புரோக்கர்கள் பெயர் சேர்த்த நிலமற்றவர்களும் 'போலி விவசாயிகள்' ஆனார்கள். போட்ட பணத்தைத் திரும்பப் பிடுங்கினார்கள். புரோக்கர்களைப் பிடித்ததில் எனக்கு வருத்தமில்லை. சேற்றில் நிற்கிறவளைப் போலி என்றீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

1892-ல் வெள்ளைக்கார சர்க்கார் எங்களுக்கென ஒதுக்கியது பஞ்சமி நிலம். மற்ற சாதிக்கு விற்கக்கூடாதென்று நிபந்தனை. அதையும் மீறி எத்தனை ஏக்கர் அவர்கள் பட்டாவில் கிடக்கிறது? அந்தப் பட்டாவுக்கும் 6,000 போகிறதா? அந்தப் பணத்தை எப்போ பிடுங்குவீங்க?