துப்பாக்கிப் பெட்டியும் விளையாட்டுப் பொதியே

உச்சமுனைக்குக் கடற்பட்டம் விடவரும் வெளிநாட்டவரின் நீண்ட பொதியை விமான நிலையத்தில் எவரும் குற்றவாளியின் பொதியாகப் பார்ப்பதில்லை. துப்பாக்கி சுடும் வீரரின் பெட்டிக்கோ வேறு நியாயம்.

2021 பெப்ரவரியில், உரிய பத்திரங்கள் இருந்தும் தில்லியில் தாம் தடுக்கப்பட்டதாக மனு பாக்கர் முறையிட்டார். அமைச்சர் தலையிட்ட பின்னரே பறந்தார். அதுவும் உள்நாட்டுப் பயணம். 2024இல் பாரிஸில் இரு வெண்கலம் வென்றவர் அவர்.

கட்டுப்பாடு வேண்டாம் என்பதல்ல என் வாதம். போரைக் கண்ட இலங்கையில் எவரும் அப்படிச் சொல்லார். தோட்டா நீக்கிய துப்பாக்கி, பயணி ஒருவருக்கு 5 கிலோவுக்கு மேற்படாத தோட்டாக்கள், இரண்டும் சரக்கறையில் என்று சர்வதேச விதி தெளிவாகவே இருக்கிறது. காற்றழுத்தத் துப்பாக்கியின் ஈயக் குண்டிலோ வெடிமருந்தே இல்லை.

விதி அறியாத அலுவலரிடம் வீரர் மன்றாடுவது பாதுகாப்பு ஆகாது. பயணச்சீட்டுப் பதியும்போதே அனுமதி எழுத்தில் முடிந்துவிட வேண்டும். எல்லா வீரருக்கும் அமைச்சர் வரமாட்டார்.