பார்வையாளர் பார்வை: மகனைப் பறிகொடுத்த இரு தாய்மார்கள்



பிள்ளையைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு, நேரங்கெட்ட நேரத்தில் தொலைபேசி ஒலித்தால் நெஞ்சம் பதறும் தாய்மார்கள் நம் இல்லங்களில் எத்தனையோ பேர். அவர்களை மனத்திற்கொண்டே இத்திங்கள் 'மேரி அண்ட் மார்த்தா' என்னும் ஆங்கிலத் தொலைக்காட்சிப் படத்தைத் தேர்ந்தெடுத்தோம். 2013ஆம் ஆண்டு பி.பி.சி.யும் எச்.பி.ஓ.வும் ஒளிபரப்பிய படம் இது. எழுதியவர் ரிச்சர்ட் கர்ட்டிஸ். இயக்கியவர் பிலிப் நாய்ஸ்.

கதை எளியது. மேரி அமெரிக்கப் பெண்மணி. பள்ளியில் சக மாணவர்களின் தொல்லைக்கு ஆளான தன் மகன் ஜார்ஜைச் சில மாதங்கள் தென்னாப்பிரிக்காவுக்கும் மொசாம்பிக்குக்கும் அழைத்துச் செல்கிறாள். அங்கே மலேரியா அவனைக் கொண்டுபோய்விடுகிறது. மார்த்தா இங்கிலாந்தின் சாதாரண இல்லத்தரசி. பிள்ளைகளுக்குக் கற்பிக்க மொசாம்பிக் சென்ற அவளுடைய மகன் பென்னும் அதே நோய்க்குப் பலியாகிறான். துயரம் சந்திக்க வைத்த இவ்விருவரும், மலேரியாவை ஒழிக்க நிதி கேட்டு அமெரிக்க மக்கள் பிரதிநிதிகளின் குழுவின் முன் போய் நிற்கிறார்கள். மேரியாக ஹிலாரி ஸ்வாங்க்கும் மார்த்தாவாக பிரெண்டா பிளெதினும் நடித்துள்ளனர்.

இராசபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சில இல்லங்களில் சகோதரியர் கூடியமர்ந்து இப்படத்தைப் பார்த்தனர். அவர்கள் கூறியவற்றுள் சிலவற்றை இங்கே தருகிறோம். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பெயர்களைத் தவிர்த்துள்ளோம்.

மகன் வளைகுடாவில் பணிபுரியும் ஒரு தாய், "மார்த்தாவுக்குச் செய்தி வந்த பிறகு படத்தை என்னால் சரியாகப் பார்க்கவே முடியவில்லை" என்றார். அதற்கு மேல் அவரிடம் நாமும் கேட்கவில்லை.

கல்லூரியில் பயிலும் ஒரு மாணவியின் கருத்தோ காரசாரமானது. "மலேரியாவில் பிள்ளைகளை இழப்பவர்கள் ஆப்பிரிக்கத் தாய்மார்கள். படத்தில் அவர்கள் பின்னால் நிற்கிறார்கள். முன்னால் அழுவது இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள். இவர்கள் அழுதால்தான் உலகம் திரும்பிப் பார்க்குமா?" என்று கேட்டார். படம் வெளிவந்தபோது மேலைநாட்டு விமர்சகர் சிலரும் இதே குறையைச் சொன்னதுண்டு. கேள்வி நியாயமானதே. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023இல் மலேரியாவால் மாண்டவர்கள் ஏறத்தாழ 5 லட்சத்து 97 ஆயிரம் பேர். அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஆப்பிரிக்கப் பகுதியினர். அங்கே இறப்போரில் நான்கில் மூன்று பங்கினர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். இங்கிலாந்தின் வரவேற்பறையில் அமர்ந்திருப்பவரை உலுக்க வேண்டுமென்று கர்ட்டிஸ் எழுதினார். அந்த நோக்கத்தைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. ஆயினும் ஆப்பிரிக்கத் தாய் வெறுமனே கைகட்டி நிற்பவள் என்ற எண்ணம் நம் உள்ளத்தில் தங்கிவிடுமானால் அது பெருந்தவறு.

ஏனெனில், மெய்யாகவே நடந்த வேறொரு கதை இருக்கிறது. எத்தியோப்பியாவின் திக்ரே பகுதியில் மருத்துவமனைகள் வெகு தொலைவு. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் நடப்பதற்குள் காலம் கடந்துவிடும். கிதானே, மாரோ என்னும் இரு ஆய்வாளர்கள் அங்குள்ள சில சிற்றூர்களில் தாய்மார்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளித்தனர். மலேரியாவின் அறிகுறிகள் எவை, எந்த வயதுக் குழந்தைக்கு எத்தனை மாத்திரை, எப்போது மருத்துவமனைக்கு ஓடவேண்டும் என்பனவற்றை அத்தாய்மார்கள் கற்று, அண்டை அயலாருக்கும் கற்பித்தனர். அந்த ஊர்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு, பயிற்சி பெறாத ஊர்களைவிட நூற்றுக்கு நாற்பது பங்கு குறைந்தது! 2000ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஆய்வு இது. அன்று அவர்கள் கொடுத்த குளோரோகுயின் மாத்திரை பிற்காலத்தில் பல நாடுகளில் பயனற்றுப் போனது. இன்று வேறு மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் தாயின் கையில் அறிவையும் மருந்தையும் ஒருங்கே கொடுத்தால் என்ன நேரும் என்பதற்கு அந்தச் சான்று போதும். இதைப் படமாக எடுப்பார் யாருமில்லை.

எல்லாரையும்விட நம்மை வியக்க வைத்தவர், செண்பகத்தோப்பு அடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மூதாட்டி. ஆங்கிலம் அறியாதவர், பேத்தி பக்கத்திலிருந்து சொல்லச் சொல்லப் பார்த்தார். படம் முடிந்ததும், "இது நம்ம முறைக்காய்ச்சல்தானேம்மா! இதற்கா ஆப்பிரிக்காவுக்குப் போனார்கள்?" என்றார். ஒருநாள் விட்டு ஒருநாள் முறை வைத்து வருவதால் அந்தப் பெயர். பல் கிட்டிப்போகும் குளிரும், கம்பளி மேல் கம்பளியாகப் போர்த்திய அத்தாவும் இன்னும் அவர் நினைவில் நிற்கிறார்கள். டி.டி.டி. மருந்து அடிக்க வந்தவர்கள் சுவரில் தேதி எழுதிப் போனதைக்கூட அவர் மறக்கவில்லை.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. மலையடிவாரத்தில் மெல்ல ஓடும் தெளிந்த ஓடைகளில் பெருகும் அனாபிலஸ் கொசு ஓரினம். மழைநீர்க் குட்டைகளிலும் வயல் வாய்க்கால்களிலும் பெருகுவது வேறோரினம். நகரத்துக் கிணறுகளிலும் மூடாத மேல்நிலைத் தொட்டிகளிலும் குடியேறுவது இன்னோரினம். சாக்கடையில்தான் மலேரியாக் கொசு பிறக்கிறது என்று எண்ணி மொட்டைமாடித் தொட்டியைத் திறந்து போடுவோர் இன்றும் உளர்! விடுதலை பெற்ற காலத்தில் இந்தியாவில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா கண்டது என்றும், எட்டு லட்சம் பேர் மாண்டனர் என்றும் மதிப்பிடப்பட்டது. 1953இல் கட்டுப்பாட்டுத் திட்டமும் 1958இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கின. 1965 வாக்கில் நோயாளிகள் ஏறத்தாழ ஒரு லட்சமாகச் சுருங்கினர். ஒழிந்தது என்று கண்ணயர்ந்தோம்; 1976இல் எண்ணிக்கை 64 லட்சத்தைத் தாண்டியது.

இலங்கையிலும் இதே கதைதான். அங்கே 1934-35இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கியபோது எழுந்த கொள்ளைநோய் ஏறத்தாழ எண்பதாயிரம் உயிர்களைக் குடித்தது. கடும் முயற்சியால் 1963இல் நாடு முழுவதும் 17 பேருக்கே நோய் என்ற நிலையை எட்டினர். தெளிப்பு வேலையை நிறுத்தினர். 1960களின் இறுதியில் நோயாளிகள் ஐந்து லட்சத்துக்கும் மேல்! பின்னர் உள்நாட்டுப் போரின் நடுவிலும் விடாது உழைத்து, 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடு என்னும் சான்றிதழை இலங்கை பெற்றது.

படத்தின் இறுதிக்காட்சி சினிமாத்தனமானது, இரண்டு பெண்கள் பேசி எந்த அரசு பணம் கொடுக்கும் என்று ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நகைத்தார். காட்சி சற்று மிகைதான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்தப் பணம் மெய்யானது. 2005இல் அமெரிக்கா மலேரியாவுக்கென்றே தனித்திட்டம் தொடங்கியது. 2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் தடுக்கப்பட்ட 66 கோடிக்கும் மேற்பட்ட மலேரியாத் தாக்குதல்களில் நூற்றுக்கு 68 பங்கைத் தடுத்தவை மருந்து தோய்த்த கொசுவலைகளே என ஆய்வாளர் கணித்துள்ளனர். பல நாடுகளின் நிதியால் வாங்கி வழங்கப்பட்ட வலைகள் அவை. 2025இல் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியைக் கடுமையாகக் குறைத்ததும் வலையும் மருந்தும் போய்ச்சேர்வதில் தடை ஏற்பட்டது. மேரியும் மார்த்தாவும் இன்று அந்தக் குழுவின் முன் போய் நின்றால் என்ன விடை கிடைக்குமோ!

செவிலியராகப் பணியாற்றும் ஒரு சகோதரியின் குறை வேறு. "அழ வைத்தார்கள், என்ன செய்யவேண்டும் என்று தெளிவாகச் சொல்லவில்லையே" என்றார். அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறோம். ஆப்பிரிக்க நாடுகளுக்குப் பிழைப்புத் தேடிச் செல்லும் பிள்ளை, புறப்படுமுன்பே மருத்துவரைக் கண்டு தடுப்பு மாத்திரை பெறவேண்டும். மருத்துவர் குறித்த நாள்வரை, ஊர் திரும்பிய பின்பும் அதை விழுங்கவேண்டும். வந்த சில வாரங்களில், ஏன், சில மாதங்களில் காய்ச்சல் கண்டாலும், எந்த நாட்டிலிருந்து வந்தோம் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லவேண்டும். ஃபால்சிபாரம் வகை மலேரியா முற்றினால் ஓரிரு நாள்கூடத் தவணை தராது. நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் வைவாக்ஸ் வகையோ ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்துத் தலைதூக்கும். அதை வேரோடு களைய, இரத்தப் பரிசோதனைக்குப் பின் மருத்துவர் தரும் பிரிமாகுயின் மாத்திரையைப் பதினான்கு நாளும் முடிக்கவேண்டும். மூன்றாம் நாள் காய்ச்சல் தணிந்ததும் மீதி மாத்திரையை அலமாரியில் வைத்துவிடுகிறோமே, அங்கேதான் கோளாறு என்றார் அச்சகோதரி. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்த இரத்தப் பரிசோதனைக்குக் கட்டணமில்லை.

உங்கள் குடும்பத்தில் ஆப்பிரிக்க நாடுகளில் பணியாற்றுவோர் இருந்தால், அங்கே அவர்கள் காய்ச்சலை எவ்வாறு எதிர்கொள்கிறார்கள் என்பதைக் கேட்டு எழுதுங்கள். அடுத்த இதழில் இப்பகுதியில் வெளியிடுவோம்.